பலகைச் சுவாமியார்

நாரந்தனை,
03.09.2023

யேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மடத்துச் சகோதரிகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கை எழுதமாட்டேன் என்கிறது.

இவரைக் காணவில்லை அக்கா. ஆவணி மாதா திருநாள் முடிந்த கிழமை, சோழகக் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறதென்று வள்ளத்தை எடுத்துக்கொண்டு தனியப் போனார். "மத்தியானத்துக்கு வந்திடுவன், நீர் புளியைக் கரைச்சு வையும்" என்று படலையில் நின்று சொல்லிவிட்டுப் போனவர். கரைத்த புளி பூஞ்சணம் பிடிக்கும்வரை சட்டியில் கிடந்தது. அதை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

இவருடைய தம்பி றொமேஷும் மீன்பிடிச் சங்கத்து ஆட்களும் தேடாத இடமில்லை. நேவியும் தேடினது. இந்தியாப் பக்கம் ஒதுங்கியிருந்தால் இதற்குள் செய்தி வந்திருக்கும் என்று சொல்கிறார்கள். ஒரு மண்ணெண்ணெய்க் கான்கூடக் கரைக்கு வரவில்லை. வராதது நல்லதுதானே அக்கா? வள்ளம் உடைந்திருந்தால் ஏதாவது ஒன்று வந்திருக்க வேண்டுமே? இதை நான் கேட்டால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

எங்கள் பலகைச் சுவாமியாரை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி மேசையில் வைத்திருக்கிறேன். இடம்பெயர்ந்த நேரம் பஸ்ரியாம்பிள்ளை அப்பு வேறொன்றும் எடுக்காமல் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடினது அவரைத்தானே. கோயிலில் உள்ள சுவாமிமார் எல்லாம் வெளியே புடைத்து நிற்க, எங்களுடையவர் மட்டும் பலகைக்குள்ளே பள்ளமாக நிற்பார். சின்னனில் நீங்கள் ஏன் என்று கேட்க, "அவர் கடலுக்குள்ளை நிக்கிறவரடி பிள்ளை, அதுதான் பள்ளத்திலை நிக்கிறார்" என்று அப்பு சொன்னது ஞாபகமா? அவருடைய காலடியில் வள்ளம், வள்ளத்துக்குள் மூன்று பேர். அந்த மூன்று பேரையும் கரைசேர்த்தவர் என் ஒருவரைச் சேர்க்கமாட்டாரா?

நேர்த்தி வைத்துவிட்டேன். இவர் வரும்வரை வீட்டில் ஒருசந்தி. ஒருநேரச் சாப்பாடு, மீன் இல்லை, இனிப்பு இல்லை.

மடம் முழுவதையும் மன்றாடச் சொல்லுங்கள். ஆளைத் தாரும் என்று கேட்கச் சொல்லுங்கள். எனக்கு ஆறுதல் தாரும் என்று ஒருவரும் கேட்க வேண்டாம்.

பிள்ளைகள் மூவரும் பெரியம்மாவுக்கு முத்தம் தரச் சொன்னார்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெனீற்றா


பெல்ஜியம்,
28.09.2023

அன்புத் தங்கச்சி ஜெனீற்றாவுக்கு,

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். உன் கடிதத்தைச் சிற்றாலயத்தில் இருந்து வாசித்தேன். முழங்காலில் நிற்க முயன்று ஏலாமல் நிலத்தில் இருந்துவிட்டேன்.

நான் மடத்துக்கு வெளிக்கிட்ட நாள் என் பெட்டியைத் தலையில் வைத்துப் பஸ்வரை கொண்டுவந்தவன் உன் டிலோன். "அக்கா, அங்கை மீன் கிடைக்குமோ? இல்லாட்டி என்னெண்டு இருப்பியள்?" என்று கேட்டவன். எல்லோரும் அழுதுகொண்டு நிற்க, அவனுக்கு அதுதான் கவலை. இங்கே மீன் கிடைக்கும் நாளெல்லாம் அவனை நினைக்கிறேன்.

எங்கள் மடத்துக் கதவு எப்படி அடைபட்டிருக்கிறதென்று உனக்குத் தெரியும். மாதம் ஒரு கடிதம், தொலைபேசி இல்லை. பக்கத்தில் இருந்து உன் கையைப் பிடிக்க ஏலாத என்னால் கேள்விதான் கேட்க முடியும். "வீட்டில் ஒருசந்தி" என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் என்றால் ஆர்? டிலக்சிக்கு ஒன்பது வயது. ஷாருஜனுக்கு ஆறு. கெவின் பால் மறந்தே கனகாலமில்லை. வளர்கிற பிள்ளைகளிடம் திருச்சபை ஒருசந்தி கேட்பதில்லை. அவர்கள் மூன்று நேரமும் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு எழுது.

இன்னொன்று. இந்த வருடம் என்னை மடத்துக் குசினியில் சமையலுக்கு மாற்றியிருக்கிறார்கள். பலகைச் சுவாமியாரின் கையில் தடி இருந்ததா? தலையில் கூரான தொப்பியா? எனக்கு மறந்துபோயிற்று. அவருக்கு மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பச் சொல்லி ஷாருஜனிடம் கொடு. ஏனென்று பிறகு எழுதுகிறேன்.

மன்றாட்டில் உன்னை விடாத,
மேரிறோஸ் அக்கா


நாரந்தனை,
20.10.2023

யேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு அங்கே குளிர் தொடங்கியிருக்கும். முழங்கால் நோவுக்கு எண்ணெய் போடுகிறீர்களா? பிள்ளைகள் சுகம்.

ஷாருஜன் தேய்த்த கடதாசியை இதனோடு வைத்திருக்கிறேன். தடி இருக்கிறது, தொப்பியும் இருக்கிறது. வள்ளத்துப் பக்கம் மெழுகு உருகி நிறைந்திருப்பதால் சரியாக விழவில்லை. அப்பு காலத்து மெழுகு, அதைச் சுரண்ட எனக்குப் பயம்.

றொமேஷ் போன கிழமை வந்தார். விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கொடுத்தும் இருக்கவில்லை. "மச்சாள், ஆத்துமாக்கள் திருநாள் வருகுது. சேமக்காலையிலை ஒரு சிலுவையெண்டாலும் நடுவம். அண்ணைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த எனக்கு இடமில்லை" என்றார். "உம்மடை அண்ணையைப் புதைக்க உமக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்று கேட்டுவிட்டேன். கடல் கடலாய்த் திரிந்து தேடின மனுசன், குனிந்தபடியே போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. பாதரும் முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுக்கவில்லையே என்று மெல்லக் கேட்டார். உயிரோடு இருக்கிறவருக்கு ஏன் பாதர் முப்பத்தோராம் நாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊர் முழுக்க அவரைச் சாகவைத்துவிட்டது அக்கா. நானும் பலகைச் சுவாமியாரும்தான் பிடித்து வைத்திருக்கிறோம். நான் கையை விட்டால் அவர் கடலுக்கடியில் தாண்டுபோவார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டிலக்சி கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். உயருகிற வயது.

தங்கச்சி,
ஜெனீற்றா


பெல்ஜியம்,
06.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

சமாதானம் உன் வீட்டில் இருப்பதாக. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பிள்ளைகள் சுகம் என்பது பதில் அல்ல. எனக்குச் சுற்றிவளைத்து எழுத வராது, சின்னனிலிருந்தே உனக்குத் தெரியும்.

ஷாருஜனின் கடதாசியைக் குசினிக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு பிடித்துப் பார்த்தேன். அதே தடி, அதே தொப்பி, அதே அங்கி மடிப்பு. எங்கள் குசினிச் சுவரில் இப்படி மரப்பலகைகள் தொங்குகின்றன. ஒன்றில் சேவல், ஒன்றில் கப்பல், ஒன்றில் அவர். அவை பணியார அச்சுகள், ஜெனீற்றா. அவர் அர்ச்சிஷ்ட நிக்கொலாசு. மார்கழி ஆறாந் திகதி அவருடைய திருநாளுக்கு இங்கே அவருடைய உருவத்தில் இஞ்சிப் பணியாரம் செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அவர் பள்ளமாக நிற்பது கடலால் அல்ல, மா நிரப்புவதற்காக. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைக் குசினி ஏதோவொன்றில் கிடந்து எங்கள் ஆட்களின் கைக்கு வந்திருக்கும். கையில் தடியும் தலையில் தொப்பியும் கண்டவுடன் கும்பிட்டுவிட்டோம். தலைமுறை தலைமுறையாக ஒரு குசினிச் சாமானுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறோம்.

ஆகவே நீ வைத்த நேர்த்தி உன்னைக் கட்டாது. அதை விடு. பிள்ளைகளுக்கு வயிறாரச் சாப்பாடு கொடு.

அந்த இஞ்சிப் பணியாரத்தையே அவர்களோடு சேர்ந்து செய். பாண் சுடுகிற போறணை தேவையில்லை. இங்குள்ள வயதான சகோதரி ஒருவர் பழைய முறையைக் காட்டித் தந்தார். மாவைக் குழைத்துச் சுடுவது பிந்தி வந்தது. அதற்கு முந்திய காலத்தில் காய்ந்த பாணைத் தூளாக்கித் தேனில் கிண்டியிருக்கிறார்கள். உனக்குத் தேனுக்குப் பனங்கட்டிப் பாணி போதும். பாணி கொதித்து நூல் பிடிக்கும்போது இஞ்சிக்கு வேர்க்கொம்புத் தூள், மிளகு, கறுவா, இடித்த கராம்பு. பிறகு பாண் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிச் சட்டியில் ஒட்டாமல் உருளும்வரை கிண்டு. சூட்டோடு அச்சில் அமத்திக் கவிழ்த்து, வெயிலில் காயவிடு. மாதக்கணக்கில் பழுதாகாது. இடிப்பதையும் அமத்துவதையும் பிள்ளைகளிடம் விடு. செய்கிற கை தின்னாமல் விடாது.

டிலோனின் ஆத்தும இளைப்பாற்றிக்காக நாளும் மன்றாடுகிறோம்.

மார்கழி மூன்றாந் திகதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து நத்தார்வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் வாசிக்கவும் தடை. அதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுது.

அக்கா,
மேரிறோஸ்


நாரந்தனை,
24.11.2023

அக்காவுக்கு,

சுகம் கேட்க எனக்கு இன்று மனமில்லை.

இளைப்பாற்றி என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் கையால் எழுதிவிட்டீர்கள். ஊர் சொன்னதைத் தாங்கினேன். றொமேஷ் சொன்னதையும் தாங்கினேன். உங்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, ஆளைத் தாரும் என்று மன்றாடச் சொல்லி. அதைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

உங்களுக்கு அங்கே சுவர் நிறையச் சுவாமிமார். எனக்கு இருந்தது ஒருவர். அவரையும் குசினிக்கு அனுப்பிவிட்டீர்கள். அவருடைய முகத்தில் பாண் தூளை அமத்தச் சொல்கிறீர்கள். அப்பு இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்திருப்பார்.

நீங்கள் புருஷனை இழந்தவரில்லை. அந்த மதிலுக்குப் பின்னால் இருந்துகொண்டு நேர்த்தி கட்டாது என்று எழுதுவது சுகம். நான் இங்கே ஒவ்வொரு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு பானையைக் கழுவுகிறேன்.

போனையும் மூடி வைத்துவிட்டேன். ஆட்கள் எடுத்து ஆறுதல் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வருகிறது. இனி எழுத வேண்டாம்.

ஜெனீற்றா


நாரந்தனை,
01.12.2023

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் டிலக்சி எழுதுகிறேன். நீங்கள் சுகமா? தம்பிமார் சுகம். அம்மா கடிதத்தைக் கசக்கி எறிந்தவ, நான் எடுத்து வாசித்தேன். கோபிக்க வேண்டாம். கடித உறையைப் பார்த்து விலாசம் எழுதினேன். முத்திரை சரோஜினிதேவி ரீச்சர் ஒட்டித் தந்தவ.

பெரியம்மா, நானும் ஒருசந்தி பிடிக்கிறேன். அம்மா எங்களுக்குச் சாப்பாடு போடுகிறவ. நான் காலமைச் சாப்பாட்டைக் கோழிக்குப் போடுவேன். பள்ளிக்கூடத்தில் தருகிற சோற்றை ஷாருஜனுக்குக் கொடுப்பேன். இரவு மட்டும் கொஞ்சம் சாப்பிடுவேன். அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கோழிக்குப் போடும்போது ஒருநாள் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவ. ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இரவு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தவ.

போன திங்கட்கிழமை காலமைச் செபத்தில் விழுந்துபோனேன். ரீச்சர் தண்ணீர் தெளித்து, "என்னம்மா சாப்பிட்டனீ?" என்று கேட்டவ. இடியப்பம் என்று பொய் சொன்னேன். அது பாவமா?

நான் உங்களிடம் கேட்க வந்தது வேறு. பலகைச் சுவாமியார் பணியார அச்சு என்றால், நான் இவ்வளவு நாளும் பிடித்த ஒருசந்தி ஆருக்குப் போனது? அப்பாவுக்குப் போகவில்லையா? வேறு சுவாமிக்கு மாற்றிவிட ஏலுமா? கெதியாகப் பதில் எழுதுங்கள். அதுவரை நான் நிற்பாட்டமாட்டேன். நிற்பாட்டினால் அப்பா வருகிற வழியில் நின்றுவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்,
டிலக்சி


பெல்ஜியம்,
25.12.2023

ஜெனீற்றா, என் தங்கச்சி,

நத்தார் பூசை முடிந்து வர, திருவருகைக்காலத்தில் வந்த தபாலை மடத்துத் தலைமைத் தாயார் என் கையில் தந்தார். உன் கடிதமும் டிலக்சியின் கடிதமும். அவை நாட்கணக்காக ஒரு மேசை இலாச்சிக்குள் கிடந்திருக்கின்றன. நான் அந்த மேசைக்குப் பக்கத்தால் நாளும் பாத்திரம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அதற்குள்ளே பிள்ளை பசியோடு என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

தாயாரிடம் அழுது அனுமதி வாங்கித் தொலைபேசி எடுத்தேன். உன்னுடையது வேலை செய்யவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்து, கடைசியில் உங்கள் பாதரைப் பிடித்தேன். அவர் வருவார். கதவைத் திற. என்னில் உள்ள கோபத்தை அவரில் காட்டாதே.

நீ எழுதியது முழுக்கச் சரி. நான் மதிலுக்குப் பின்னால் இருந்துகொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளிடம் அது சுவாமியில்லை அச்சு என்று எழுதினேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். உன் கையில் வேறென்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் நான் எழுதியிருக்க வேண்டிய ஒன்றை எழுதவில்லை. ஷாருஜனின் கடதாசியில் வள்ளம் சரியாக விழவில்லை, நானும் விட்டுவிட்டேன். அது வள்ளமில்லை, ஜெனீற்றா. இங்குள்ள அச்சில் நல்ல தெளிவாக இருக்கிறது. அது பீப்பா. மீன் உப்பில் போடுகிற பீப்பா.

ஒரு பஞ்ச காலம். பசியோடு அலைந்த மூன்று பிள்ளைகள் இராத்தங்க ஒரு வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டுக்காரன் இறைச்சி வெட்டுகிறவன். அவர்களைக் கொன்று உப்புப் பீப்பாவில் போட்டு மூடிவிட்டான். நிக்கொலாசு வந்து பீப்பாவுக்கு மேல் கையை நீட்ட, மூன்று பிள்ளைகளும் எழும்பினார்கள். இங்கே ஆட்கள் சொல்லுகிற பழைய கதை இது. அவர் கடலோடிகளுக்கும் பாதுகாவலர்தான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் உன் மேசையில் இருக்கிற பலகையில் அவர் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பது கடலை அல்ல, பிள்ளைகளை.

உன் வீட்டிலும் மூன்று பேர்.

டிலக்சிக்கு இதை வாசித்துக் காட்டு: மகள், உன் ஒருசந்தி ஒருவருக்கும் போகவில்லை. அப்பாவை அது கொண்டுவராது, நிற்பாட்டவும் மாட்டாது. கடலில் போன அப்பாவைச் சாப்பாட்டால் இழுக்கவும் ஏலாது, தள்ளவும் ஏலாது. இது உன் பிழையால் வந்ததுமில்லை. இடியப்பம் என்று சொன்னது பாவமுமில்லை. சாப்பிடு, என் குஞ்சு. பெரியம்மா உன்னிடம் கேட்கிற நத்தார்ப் பரிசு அது ஒன்றுதான்.

ஜெனீற்றா, ஆளைத் தாரும் என்று நான் கேட்காமலில்லை. முதல் நாளிலிருந்து கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். எந்தப் பதிலும் வரவில்லை, அதை உனக்கு எழுதத் தைரியமில்லாமல்தான் இளைப்பாற்றி என்று எழுதினேன்.

அக்கா


நாரந்தனை,
04.02.2024

யேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி? இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் உங்களுக்குத் தபசுகாலம் தொடங்கிவிடும். உயிர்த்த ஞாயிறுவரை அந்த இலாச்சிக்குள் கிடக்கும் என்று தெரியும். கிடக்கட்டும். இதில் அவசரமாகக் கேட்க ஒன்றுமில்லை, சொல்லத்தான் இருக்கிறது.

பாதர் வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. நத்தார் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்குமுன் டிலக்சி கிணற்றடியில் விழுந்தாள். வாளியைப் பிடித்தபடி விழுந்தாள். தூக்கினபோது கையில் பாரமே இல்லை. படலைக்கு ஓடிப்போய்க் கத்தினேன். முதலில் ஓடிவந்தவர் றொமேஷ். நான் அப்படிப் பேசி அனுப்பிய மனுசன்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

சேலைன் ஏற்றி, கண்ணை முழித்த பிறகும் அவள் வாய் திறக்கவில்லை அக்கா. கஞ்சியை வைத்துக்கொண்டு நான் கெஞ்சினேன். "நான் சாப்பிட்டா நேர்த்தி முறிஞ்சிடும். நீங்களும் பிடிக்கிறியள்தானே" என்றாள்.

டிலக்சி உங்களுக்கு எழுதியதை எனக்குச் சொன்னாள். யன்னலால் நான் பார்த்தது உண்மை. கோழிக்குப் போடுவதைக் கண்டேன். ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். பிள்ளையின் மன்றாட்டு எங்களுடையதைவிடக் கெதியாய்ப் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். என் புருஷனுக்குப் பதிலாக என் பிள்ளையைக் கொடுக்கப் பார்த்தேன். இதை வேறு ஒருவரிடமும் நான் சொல்லமாட்டேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் கரண்டிக் கணக்கில்தான் உள்ளே போனது. அந்த நேரம் உங்கள் கடிதம் வந்தது. பிள்ளைகளை இருத்தி வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுதியதைக் கேட்டும் அவள் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பீப்பா என்றவுடன் ஷாருஜன் எழும்பிப் போய்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அம்மா, மெழுகைச் சுரண்டிப் பாப்பமே?" என்றான்.

சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுச் சுவாமியாரைக் கழுவினேன். அப்பு காலத்து மெழுகு, என் அம்மாவின் மெழுகு, ஆவணியிலிருந்து நான் கொளுத்திய மெழுகு எல்லாம் தட்டுத்தட்டாய்க் கழன்று சட்டியில் மிதந்தது. அடியில் மூன்று குழி தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குழிக்குள்ளும் குட்டி மூக்கு.

நீங்கள் எழுதியபடியே செய்தோம். பேக்கரியில் விற்காமல் கிடந்த பாணை றொமேஷ் கொண்டுவந்தார். ஷாருஜன் அதை அம்மியில் வைத்து அரைக்கிறேன் என்று வீடெல்லாம் தூளாக்கினான். கெவின் ஓலையில் கட்டின பனங்கட்டிக் குட்டானை உடைக்கும் சாட்டில் பாதியைத் தின்றான். டிலக்சியை அடுப்படியில் கதிரையில் இருத்தி, வேர்க்கொம்பையும் கராம்பையும் உரலோடு மடியில் கொடுத்தேன். மெல்ல மெல்ல இடித்தாள். வாசம் எழும்ப அவளுடைய தொண்டை அசைந்ததைக் கண்டேன். நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரிக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

முதல் தரம் ஒட்டிப்போய்விட்டது. கவிழ்த்துத் தட்ட உடம்பு மட்டும் விழுந்தது. "ஐயோ அம்மா, சுவாமியின்ரை தலை உள்ளுக்கை நிண்டிட்டுது!" என்று ஷாருஜன் கத்த, றொமேஷ் சிரித்துவிட்டார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம். அவர் சிரித்த சத்தம் இவர் சிரிக்கிற மாதிரியே இருந்தது. நான் குசினிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாம் தரம் அச்சுக்குள் அரிசிமாத் தூவினோம். டிலக்சி எழும்பி வந்து தானே அமத்தினாள். பீப்பாப் பக்கம் பெருவிரலால் நல்லாக அமத்தினாள். கவிழ்த்துத் தட்ட, முழுதாக வந்தார் அக்கா. இவ்வளவு காலமும் பள்ளத்தில் நின்றவர் வெளியே வந்து நின்றார். கன்னம், தாடி, நீட்டின கை. காலடியில் மூன்று பிள்ளைகள் கைகூப்பிக்கொண்டு பீப்பாவுக்கு வெளியே தலையை நீட்டி நின்றார்கள். கெவின் ஒவ்வொருவராய்த் தொட்டு, "இது அக்கா, இது அண்ணா, இது நான்" என்றான். அப்பா எது என்று அவன் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுளகில் வைத்து வெயிலில் காயவிட்டோம். காகத்துக்குக் கெவின் காவல். காய்ந்த பிறகு எல்லோரையும் குசினியில் இருத்தினேன். செபம் சொல்லி, நானே உடைத்தேன். தடியை றொமேஷுக்குக் கொடுத்தேன். தொப்பி ஷாருஜனுக்கு. கெவின் தாடியைக் கேட்டு வாங்கினான். பீப்பாவையும் மூன்று பிள்ளைகளையும் டிலக்சியின் கையில் வைத்தேன்.

அவள் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இதைத் திண்டா அப்பா வரமாட்டாரோ?" என்று கேட்டாள்.

ஷாருஜன் சப்புவதை நிறுத்திவிட்டான். ஆவணியிலிருந்து ஊர் முழுக்க என்னிடம் கேட்டதும், நீங்கள் எழுதியதும், நான் ஒருவருக்கும் கொடுக்காத பதிலும் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது. பொய் சொல்லலாம். வருவார், நீ தின்னு என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் நாளைக்கும் அவள் படலையைப் பார்த்துக்கொண்டு கோழிக்குப் போடுவாள்.

"அப்பா வரமாட்டார் மகள்," என்று சொன்னேன். "நீ தின்னு."

அவள் அழுதுகொண்டு தின்றாள். வேர்க்கொம்பு உறைத்திருக்கும், மூக்கால் வழிய வழியத் தின்றாள். கையில் ஒட்டினதையும் நக்கினாள். பிறகு மற்றத் துண்டு எங்கே என்று கேட்டாள்.

தங்கச்சி,
ஜெனீற்றா